டெட்ராய்ட்டில் பிறந்த நாற்பத்தாறு பேர்

2019 ஜனவரி 17, வியாழன்

மாலை 4.52. எழுநூற்றுப் பத்து கிராம். இருபத்தைந்து வாரம் இரண்டு நாள். பெண்.

இந்த நோட்டை ஒரு நர்ஸ் கொடுத்தார். குறைமாதக் குழந்தைகள் பிரிவில் எல்லாப் பெற்றோருக்கும் ஒன்று கொடுப்பார்களாம், மனதில் இருப்பதை எழுத. மனதில் இருப்பதை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

காலை: என் மனைவி இன்பவல்லிக்கு இடுப்பு வலி. பிற்பகல் 1.40: வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனை. நாங்கள் குடியிருப்பது டெட்ராய்ட்டிலிருந்து முப்பத்தொரு மைல் தள்ளி. அங்கே இருப்பது சின்ன மருத்துவமனை. இவ்வளவு சீக்கிரம் பிறக்கும் குழந்தையை வைத்துப் பார்க்க வசதி இல்லை. இன்பாவை நகரத்துக்கு மாற்ற நேரமும் இல்லை. குழந்தையின் நுரையீரலுக்காக அம்மாவுக்கு ஓர் ஊசி போடுவார்கள். அது முழுதாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம். பிறந்ததும் குழந்தையை மட்டும் ஆம்புலன்சில் டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் பின்னாலேயே காரில் வந்தேன். இன்பா அங்கே படுக்கையில்.

நான் காருக்குக் கதவுக் கைப்பிடி செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு எஞ்சினியர். எங்கள் கைப்பிடி ஒன்று, பூட்டோடு சேர்த்து, அறுநூற்று எண்பது கிராம். முப்பது கிராம்தான் வித்தியாசம்.

ஜனவரி 18, வெள்ளி

குழந்தையின் காலில் ஒரு பட்டை. அதில் 'கலியபெருமாள், பெண் குழந்தை' என்று அச்சடித்திருக்கிறார்கள். அம்மாவின் கடைசிப் பெயரைத்தான் போடுவார்களாம். இன்பாவின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் அவள் அப்பாவுடையது. ஆக, விருத்தாசலத்தில் அறுபத்தெட்டு வயதில் சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மாமனாரின் பெயரில், இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருத்தி மெஷின் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"என்னா மாப்ள, பாப்பாவுக்கு என் பேரா போட்டிருக்கான்?"

"ஆமா மாமா. தற்காலிகம்தான்."

"இருக்கட்டும் மாப்ள. கெட்டிப் பேருதான் அது. சுரங்கத்துல ரெண்டு தடவ மண்ணு சரிஞ்சும் எந்திரிச்சி வந்த பேரு."

அப்புறம் லைன் கட்டாகவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

பகல் நர்ஸ் பெயர் டெனீஸ். ஐம்பது வயதிருக்கும், கறுப்பினப் பெண்மணி. அவர் பேசுவது ஆங்கிலம். என் காதில் விழுகிற மாதிரி தமிழில் எழுதுகிறேன். இங்கே யாருக்கும் என் பெயர் நெடுமாறன் என்பது தேவைப்படவில்லை. எல்லாருக்கும் நான் 'டாட்'.

"டாட், பாப்பாவுக்குப் பேரு?"

"எங்க வழக்கப்படி முப்பதாவது நாள்தான்."

"முப்பது நாளா? அதுவரைக்கும் நான் இவள என்னன்னு கூப்பிடறது? கலி... கலியா... போங்க டாட், இவ மிஸ் கே."

முப்பதாவது நாள் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டுதான். அதையெல்லாம் பின்பற்றுகிறவன் நான் என்பது இன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

லிப்டிலிருந்து இந்தப் பிரிவு வரைக்கும் ஒரு தாழ்வாரம். இடது சுவர் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள். மேலே பெரிய எழுத்தில் 'டெட்ராய்ட்டில் பிறந்தவர்கள்'. பாடகர், குத்துச்சண்டைக்காரர், விமானி, சினிமா டைரக்டர் என்று யார் யாரோ. நின்று பார்க்கவில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

எடை 655. முதல் வாரம் குறையத்தான் செய்யும் என்கிறார்கள்.

இன்பாவை நேற்று டிஸ்சார்ஜ் செய்தார்கள். இன்று அழைத்து வந்தேன். மோதிரம், வளையல் எதுவும் கையில் இருக்கக் கூடாது, முழங்கை வரை மூன்று நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இரண்டு கண்ணாடி வளையலையும் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள். பெட்டி முன்னால் நாற்பது நிமிடம் நின்றாள்.

திரும்பி வரும்போது தாழ்வாரத்தில் மூச்சு வாங்கியது. ஒரு படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றாள். விமானி லிண்ட்பர்க் படம். கீழே எழுதியிருந்ததைப் படித்தாள்.

"இவங்க அம்மாவுக்கு இந்த ஊருதான் சொந்த ஊராம். பிரசவத்துக்கு இங்க வந்திருக்காங்க. பொறந்ததும் புள்ளயத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம்."

"ம்."

"வெள்ளக்காரிகூட தாய்வீட்டுக்குப் போயிருக்கா."

பிப்ரவரி 9-க்கு ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தோம். அவள் ஜனவரி முதல் வாரமே போகிறேன் என்றாள். ஜனவரி 17 எங்களுக்கு ஆடிட், அது முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்றேன் நான்.

வளையல்கள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 21, திங்கள்

இங்கே எனக்கு வேலை இல்லை. தொடக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது. வெளிச்சம் கூடாது. மானிட்டரில் ஆக்சிஜன் எண் 91, 88, 84 என்று இறங்கும், மணி அடிக்கும், நர்ஸ் வந்து எதையோ தொடுவார், ஏறும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். "டாட், நம்பரப் பாக்காதீங்க, பாப்பாவப் பாருங்க" என்கிறார் டெனீஸ். நம்பரைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

அதனால் தாழ்வாரத்துக்குப் போனேன். எண்ணினேன். மொத்தம் நாற்பத்தாறு படங்கள். போனில் ஒவ்வொருவராகப் பிறந்த இடத்தைத் தேடினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பதினொரு பேர் இந்த ஊரில் பிறக்கவே இல்லை. குத்துச்சண்டைக்காரர் ஜோ லூயி பிறந்தது அலபாமா. பாடகி அரீதா ஃபிராங்க்ளின் பிறந்தது மெம்பிஸ். பாடகர் ஸ்டீவி வொண்டர் பிறந்தது சாகினா, இங்கிருந்து நூறு மைல். இருபத்து நான்கு சதவீதம் தப்பு. இந்தக் கணக்கில் நாங்கள் கைப்பிடி அனுப்பினால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பட்டியல் போட்டு, ஆதாரத்தோடு, மருத்துவமனை நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கடைசி வரி: 'ஒரு மருத்துவமனையே பிறந்த இடத்தைத் தப்பாக எழுதலாமா?'

பல நாளுக்குப் பிறகு ஒரு வேலையை முடித்த மாதிரி இருந்தது.

ஜனவரி 23, புதன்

ஆபீஸ் போனேன். மூன்று மணி நேரம்.

எங்கள் வேலையில் ஒரு பாகம் பழுதானால் ஐந்து தடவை 'ஏன்' கேட்போம். ஐந்தாவது பதிலில்தான் உண்மையான காரணம் இருக்கும். இன்று ஒரு கைப்பிடி. ஏன் ஒடிந்தது? ஸ்பிரிங் துரு. ஏன் துரு? பூச்சு மெல்லிசு. ஏன் மெல்லிசு? தொட்டியில் சூடு குறைவு. இப்படி ஐந்தாவதுக்கு வந்தபோது ஒரு ஆள் மீட்டர் பார்க்க மறந்திருந்தான். அவனுக்கு ஒரு மெமோ. அரை மணியில் முடிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் இன்னொன்று எழுதிப் பார்த்தேன்.

நுரையீரல் ஏன் திறக்கவில்லை? ஊசி வேலை செய்யவில்லை. ஏன்? நேரம் போதவில்லை. ஏன்? மருத்துவமனைக்கே 1.40-க்குத்தான் போனோம். ஏன்?

காரில் கண்ணாடி துடைக்கும் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜனவரி 26, சனி

எடை 640.

பெட்டியின் பக்கவாட்டில் கை விடுவதற்கு வட்டமான ஜன்னல்கள். முழங்கையால் தட்டினால் திறக்கும். சாத்தும்போது 'டக்'. வெளியே கேட்பது சின்னச் சத்தம். உள்ளே இருக்கிறவளுக்குத் தகர டப்பாவில் அடித்த மாதிரி. ஒவ்வொரு 'டக்'குக்கும் இரண்டு கையையும் விரித்துத் துள்ளுகிறாள், எண் இறங்குகிறது. இந்தத் தாழ்ப்பாளைச் செய்தவன் மேல் எனக்குக் கோபம். ஆனால் வழி இருக்கிறது. தாழ்ப்பாளின் நாக்கைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு மூடி, மெதுவாக விட்டால் சத்தமே வராது. டெனீஸுக்குக் காட்டினேன். பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க, மிஸ்டர் ஹேண்டில்."

என் வேலையை டெனீஸ் சொல்லியிருப்பார். அவள் பெயர் கியாரா. இருபத்து மூன்று இருக்கும். நகரப் பேருந்து ஓட்டுகிறாள், யூனிபாரத்தோடேயே வருவாள். மகன் மலகாய், ஒன்பது வாரமாக இங்கே இருக்கிறான். இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

"பஸ் கதவுக்கும் ஒரு வழி சொல்லுங்க. அது 'டக்' இல்ல, 'டமார்'."

அவளிடம் ஒரு பழக்கம். உள்ளே வரும்போது தாழ்வாரத்தில் ஏதோ ஒரு படத்தை இரண்டு விரலால் தொட்டுவிட்டு வருவாள். எந்தப் படம் என்று கவனிக்கவில்லை.

ஜனவரி 30, புதன்

வெளியே மைனஸ் இருபத்தைந்து. கார்க் கதவு உறைந்து திறக்கவில்லை. எங்கள் கம்பெனிக் கைப்பிடி. கெட்டிலில் வெந்நீர் வைத்து ஊற்றினேன். தாய்ப்பால் பாட்டில்களை என் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஒரு பாட்டிலில் பதினைந்து மில்லி. குழந்தைக்குக் குழாய் வழியாக ஒரு வேளைக்கு இரண்டு மில்லி.

இன்று இன்பாவின் நெஞ்சில் படுக்க வைத்தார்கள், ஒயர்களோடு, ஒரு மணி நேரம். எண் 95-இலேயே நின்றது. மெஷின் அதே மெஷின், ஆக்சிஜன் அளவும் அதேதான். காரணம் தெரியவில்லை.

"நாளைக்கு நீங்க, டாட்" என்றார் டெனீஸ்.

எனக்குச் சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றேன். சளி இல்லை.

பிப்ரவரி 4, திங்கள்

நிர்வாகத்திலிருந்து பதில். 'சுட்டிக்காட்டியதற்கு நன்றி. பரிசீலிக்கிறோம்.' பரிசீலிக்க என்ன இருக்கிறது?

எடை 760.

பிப்ரவரி 9, சனி

இன்று விமானம். 4.15. நாங்கள் இல்லாமல் போயிருக்கும்.

இன்பா பால் எடுக்கும் பம்ப்பின் பாகங்களைக் கழுவி வெந்நீரில் போட்டேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, தடவைக்கு ஆறு பாகம்.

பிப்ரவரி 11, திங்கள்

ரத்தத்தில் கிருமி.

பிப்ரவரி 12, செவ்வாய்

84. 79. 88. 71. 66. 80. 85. 74.

பிப்ரவரி 13, புதன்

90. 92.

இன்பா நாற்காலியிலேயே தூங்குகிறாள். டெனீஸ் அவள் மேல் போர்வை போட்டார். கியாரா எனக்குக் காபி வாங்கி வந்து கையில் திணித்துவிட்டுப் போனாள். போன மாதம் மலகாய்க்கும் இதே கிருமி வந்ததாம்.

பிப்ரவரி 15, வெள்ளி

முப்பதாவது நாள்.

இன்பா குளித்துவிட்டு அந்த இரண்டு வளையலையும் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். எப்படியும் கழற்றத்தான் போகிறாள்.

"இன்னிக்குக் காதுல பேரு சொல்லிடலாம். கயல்விழி. நாலாம் மாசமே முடிவு பண்ணதுதான?"

நான் சொன்னேன்: "26-ம் தேதி கண்ணு செக்கப். அது முடியட்டும்."

இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைக்குக் கண்ணுக்குள் ரத்தக்குழாய் முழுதாக வளர்ந்திருக்காது. வெளியே வந்து ஆக்சிஜன் வாங்க ஆரம்பித்ததும் அது தாறுமாறாக வளரலாம். விழித்திரையைப் பிய்க்கலாம். ஆக்சிஜன் கொடுக்காவிட்டால் உயிர் இல்லை, கொடுத்தால் கண்ணுக்கு ஆபத்து. 26 வரை எதுவும் சொல்ல முடியாது. டாக்டர் சொன்னதை அப்படியே அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

இன்பா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கண்ணு தெரியலன்னா பேர மாத்திடுவீங்களா?"

"அப்படிச் சொல்லல. ஒரு தகவல் வரப் போகுது. வந்தப்புறம் முடிவு பண்றதுதான் சரி."

"தகவலா? அன்னிக்குக் காலைல எட்டு பத்துக்கு நான் ஒரு தகவல் சொன்னேன். இடுப்பு விட்டு விட்டு வலிக்குதுன்னு. என்னா சொன்னீங்க? வாயுவா இருக்கும், ஓமத்தக் கொதிக்க வச்சிக் குடின்னீங்க. குடிச்சேன். ரெண்டு டம்ளர் குடிச்சேன். அப்புறம் நாலு தடவ போன் பண்ணேன்."

"போன் சைலண்ட்ல இருந்துச்சு. ஆடிட்."

"தெரியும். நீ சொல்லிட்ட."

கல்யாணம் ஆகி மூன்று வருடத்தில் என்னை 'நீ' என்றது இது முதல் தடவை.

பெயர் வைக்கவில்லை. டெனீஸ் பெயர் எழுதும் அட்டையை ரெடியாக வைத்திருந்தார், ஓரத்தில் ஒரு மீன் வரைந்து. கயல் என்றால் மீன் என்று இன்பா எப்போதோ சொல்லியிருக்கிறாள். அட்டையைத் திரும்ப டிராயரில் வைத்தார்.

பிப்ரவரி 19, செவ்வாய்

எடை 940. வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். மூக்கில் மட்டும் காற்று.

லிப்டை விட்டு வெளியே வந்ததும் சுவர் வேறு மாதிரி இருந்தது. பதினொரு படங்களை எடுத்திருக்கிறார்கள். பதினொரு ஆணிகள், பதினொரு வெளிறிய கட்டங்கள். முதலில், சொல்வதற்கென்ன, திருப்தியாக இருந்தது. முப்பத்தைந்து படம், எல்லாம் சரியானவை.

அப்புறம் கியாராவைப் பார்த்தேன். பஸ் கம்பெனி ஜாக்கெட்டோடு ஒரு காலிக் கட்டத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கை பாதி தூக்கியபடி இருந்தது. தொடுவதற்கு ஒன்றும் இல்லை.

"ஸ்டீவி எங்க?" என்று என்னைக் கேட்டாள். "நேத்து இருந்தாரே. யாரு எடுத்தா?"

"ஏன், என்ன?"

"உங்களுக்குத் தெரியாதா? இந்தச் சுவத்துலயே நம்ம புள்ளைங்க மாதிரி பொறந்தவரு அவரு ஒருத்தருதான். ஆறு வாரம் முன்னாடி வந்துட்டாரு. இன்குபேட்டர்ல கெடந்தாரு. அப்பல்லாம் ஆக்சிஜன் அளக்கத் தெரியாது, அதுல கண்ணு போச்சு. இவன் உள்ள வந்த நாள்லேருந்து தெனமும் நான் அவருகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். மலகாய்க்குக் கண்ணுல லேசர் பண்ணினாங்க இல்ல, அன்னிக்கு ஒரு மணி நேரம் இங்கதான் நின்னேன். கண்ணு போனாலும் போவட்டும், உன்ன மாதிரி வாழ்ந்தாப் போதும்னு சொன்னேன்." அவள் சிரித்தாள். "நாளைக்கு அவனுக்கு ரெண்டாவது லேசர், மிஸ்டர் ஹேண்டில். இன்னிக்குப் பாத்துத் தூக்கிட்டானுங்க."

அந்தப் படத்துக்குக் கீழே இதெல்லாம் எழுதியிருந்ததாம். நான் அதைப் படிக்கவே இல்லை. நாற்பத்தாறு பேரிலும் பிறந்த ஊர் என்ற ஒரே கட்டத்தைத்தான் பார்த்தேன்.

யார் எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. "விசாரிக்கறேன்" என்றேன்.

பிப்ரவரி 20, புதன்

விசாரித்தேன். ஒன்பது மணிக்கு நிர்வாக அலுவலகம். நானே போட்ட மின்னஞ்சலை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கவுண்டரில் இருந்த பெண் சிரித்தபடியே சொன்னாள்: அப்படி ஒரு வழிமுறை கிடையாது. படங்கள் நகரத்துக்கு வெளியே ஒரு கிடங்குக்குப் போய்விட்டன. சுவர் அலங்காரக் குழு ஏப்ரல் மாதம் கூடும்.

"ஒரே ஒரு படம் மட்டும். இன்னிக்கே. ஆணி அப்படியேதான் இருக்கு, நானே மாட்டறேன்."

"உங்க புகார்ல நியாயம் இருக்கு சார். பிறந்த இடம் தப்புதானே."

அது என்னுடைய வாக்கியம்.

மலகாயை மதியம் கொண்டுபோனார்கள். கியாரா தாழ்வாரத்தில் அந்தக் கட்டத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் லிப்டுக்குப் போகாமல் படிக்கட்டு வழியாக இறங்கிப் போனேன்.

பிப்ரவரி 22, வெள்ளி

தபாலில் பிறப்புச் சான்றிதழ். முதல் பெயர் என்ற கட்டம் காலி. பிறந்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் புறநகரின் பெயர்.

டெட்ராய்ட் இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் முப்பத்தாறு நாளாக இவள் இருப்பது இந்த ஊரில். கிருமியோடு கிடந்தது இந்த ஊரில். நாளைக்கு இவள் யாராக ஆனாலும் என் விதிப்படி அந்தச் சுவரில் இவளுக்கு ஆணி கிடையாது.

டெனீஸிடம் சொன்னேன். எல்லாவற்றையும்: மின்னஞ்சல், பட்டியல், பதினொரு பேர். அவர் பால் குழாயைச் சரி செய்தபடியே கேட்டார். முடித்ததும் கையுறையைக் கழற்றினார்.

"அப்ப, ஜோ லூயி இந்த ஊரு இல்ல."

"பிறந்தது அலபாமா."

"நான் பொறந்ததும் அலபாமாதான். ரெண்டு வயசுல எங்கப்பா பஸ்ல தூக்கிட்டு வந்தாரு, கார் பேக்டரி வேலைக்கு. போய் மின்னஞ்சல் போடுங்க, என்னையும் எடுத்துடுவாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"டாட், கோவப்படல. இந்த ரூமுக்குள்ள வர்ற அப்பாங்க எல்லாருமே எதையாவது ரிப்பேர் பண்ணப் பாப்பாங்க. ஒருத்தரு என் நாற்காலியக் கழட்டிட்டாரு. மறுபடி மாட்டத் தெரியல." அவர் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "ஆனா கியாராகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

பிப்ரவரி 23, சனி

சளி இல்லை என்று டெனீஸுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். சட்டைப் பட்டனைக் கழற்றச் சொன்னார். குழந்தையை என் நெஞ்சில் வைத்தார்.

1,010 கிராம். எடையே தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது. ஒரு கை என் கழுத்தெலும்பைப் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் நான் மானிட்டரைப் பார்க்கவில்லை. மானிட்டர் என் முதுகுப் பக்கம் இருந்தது.

இன்பா போட்டோ எடுத்து அவள் அப்பாவுக்கு அனுப்பினாள். உடனே போன்.

"யாரு மாப்ள அது, கலியபெருமாளா?" என்றார். "அட, என்ன மாதிரியே வழுக்க."

பிப்ரவரி 25, திங்கள்

எடை 1,060. நாளை காலை எட்டு மணிக்குக் கண் டாக்டர்.

இமைகளைக் கம்பி வைத்து விரித்துப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடம். பெற்றோர் வெளியே இருந்துகொள்ளலாம் என்றார்கள். கண்ணுக்குள் இருப்பது எதுவாக இருந்தாலும் இப்போதே அங்கே இருக்கிறது. நான் செய்வதால் ஒரு குழாய்கூட நேராக வளரப் போவதில்லை. இதை எழுத முப்பத்தொன்பது நாள் ஆகியிருக்கிறது.

ஜனவரி 23-இல் பாதியில் விட்டதை முடிக்கிறேன்.

மருத்துவமனைக்கு ஏன் 1.40-க்குப் போனோம்? நான் ஒரு மணி வரைக்கும் இன்பாவின் போனை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? போன் சைலண்டில் இருந்தது என்று அவளிடம் சொன்னேன். மாமாவிடமும் சொன்னேன். டாக்டரிடமும் சொன்னேன்.

சைலண்டில் இல்லை. 10.40-க்கு அடித்தது. மேஜை மேல் இருந்தது. அவள் பெயர் தெரிந்தது. எதிரே ஆடிட்டர், கையில் ஒரு கைப்பிடி. ஸ்பிரிங்கைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை அமுக்கி, கவிழ்த்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் சைலண்டில் போட்டேன். ஆடிட்டரின் கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன்.

ஐந்தாவது 'ஏன்' இதுதான். மெமோ கொடுக்க வேறு ஆள் இல்லை.

10.40-க்கே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஊசிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் கிடைத்திருக்கும். நேரே டெட்ராய்ட்டுக்கே வந்திருக்கலாம்; இவள் இங்கேயே பிறந்திருப்பாள். இல்லை, எதுவும் மாறியிருக்காது. இதைச் சோதித்துப் பார்க்க வழி இல்லை.

மலகாயின் வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது கண் போய்விட்டது. மதியம் கியாரா சொன்னாள், பால் பாட்டிலைக் குலுக்கியபடி, பஸ் லேட் என்று சொல்கிற மாதிரி. நான் அப்போதும் சொல்லவில்லை.

நாளைக்கு:

1. ஆறு மணிக்குக் கிளம்புவது. கார்க் கதவுக்கு வெந்நீர்.

2. காரிலேயே இன்பாவிடம் 10.40 பற்றிச் சொல்வது. ஆடிட் என்ற வார்த்தையை இழுக்காமல். அவள் 'நீ' என்றால் வாங்கிக்கொள்வது.

3. கியாரா ஏழு மணிக்கு வருவாள். படத்தை எடுக்க வைத்தது நான்தான் என்று சொல்வது. ஏப்ரல் குழுவுக்கு எழுதியிருக்கும் கடிதத்தைக் காட்டுவது. அதைச் சாக்காகச் சொல்லாமல்.

4. டெனீஸின் டிராயரிலிருந்து மீன் போட்ட அட்டையை வாங்கி, இன்பாவின் கையால் கயல்விழி என்று எழுத வைப்பது. டாக்டர் வருவதற்கு முன்னால்.

5. ஜன்னலைத் திறந்து, வலது காதில் பெயரை மூன்று தடவை சொல்வது. தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் அழுத்தி, சத்தம் வராமல் சாத்துவது.

6. எட்டு மணிக்கு வெளியே போகாமல் அங்கேயே நிற்பது.

7. டாக்டர் என்ன சொன்னாலும் எண் 4 மாறாது.